எஞ்சினை முடுக்கினால் போதுமா?

அமெரிக்க ஏரி ஒன்றில் மோட்டார் படகு போகிறது. தாய், தகப்பன், குழந்தைகள். உல்லாசப் பயணம்!

படகின் மூக்கு தண்ணீரைக் கிழிக்கிறது. சாரல் எழும்பி எல்லோரையும் நனைக்கிறது.

ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? எஞ்சினை மேலும் முடுக்குகிறார். சாரல் இன்னும் அதிகமாகிறது! "இந்த எஞ்சின் போதாது. பெரிதாக வாங்க வேண்டும்" என்கிறார்.

தவறு! குற்றம் எஞ்சின் மீது இல்லை. அதைச் சாய்த்து வைத்த கோணத்தில் இருக்கிறது.

சாய்வின் ரகசியம்

மோட்டார் படகின் பின்பக்கம் தொங்குகிறது. அதன் அடியில் உள்ள விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. மோட்டாரை உள்ளேயும் வெளியேயும் சாய்க்கலாம். இதற்கு "ட்ரிம்" என்று பெயர்.

உள்ளே சாய்த்தால் மூக்கு தாழும். புறப்படும்போது இது நல்லது. படகு சீக்கிரம் மேலெழுந்து தண்ணீர் மீது வழுக்கிப் போகும். ஆனால், அதன் பிறகும் அப்படியே விட்டால் படகின் அடிப்பகுதி தண்ணீரில் அதிகம் உரசும். சாரல் முன்பக்கத்திலேயே கிளம்பும். பெட்ரோல் வீணாகும்.

பிறகு மோட்டாரைச் சிறிது சிறிதாக வெளியே சாய்க்க வேண்டும். மூக்கு உயரும். உரசல் குறையும். சாரல் கிளம்பும் இடம் பின்னுக்குப் போகும். அதே எஞ்சின்தான், வேகம் கூடுகிறது!

மாட்டும் உயரமும் முக்கியம். விசிறிக்கு மேலே ஒரு தட்டையான தகடு உண்டு. அது ஏறக்குறைய படகின் அடிமட்டத்துக்கு நேராக இருப்பது வழக்கம். மிகவும் தாழ்ந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும். பின்னால் பீய்ச்சி அடிக்கும். மிகவும் உயர்ந்தால் விசிறி காற்றை உறிஞ்சி வீணாகச் சுழலும்.

அளவு மீறினால் ஆபத்து

வெளிச் சாய்வு அளவு மீறினால் மூக்கு மேலும் கீழும் துள்ளும். திருப்பத்தில் பிடி விட்டுப் போகும்.

மிதமிஞ்சிய வேகத்தில் மூக்கு எழும்பினால் என்ன ஆகும்? 1967 ஜனவரி 4-ந் தேதி இங்கிலாந்தில் கானிஸ்டன் ஏரியில் உலகம் அதைக் கண்டது. டொனால்டு காம்பெல் "புளூபேர்ட்" என்ற ஜெட் படகை மணிக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டினார். மூக்கு எழும்பியது. படகு குட்டிக்கரணம் அடித்தது. சாதனை வீரர் மாண்டார்.

உல்லாசப் படகுக்கு அவ்வளவு வேகம் இல்லைதான். ஆனால், ஓர் ஆளைத் தண்ணீரில் தூக்கி எறிய ஒரு துள்ளல் போதுமே!

சாவி கொடுக்கும் முன்பு

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. 26 அடிக்குக் குறைந்த படகில் எஞ்சினை நிறுத்தும் அவசர சுவிட்ச் இருந்தால், வேகமாகப் போகும்போது ஓட்டுகிறவர் அதன் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

நல்ல சட்டம். ஆனால், அது விழுந்த பிறகு காப்பாற்றுவது. விழாமல் காப்பது பயிற்சி!

படகு விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் சாவியோடு இந்தச் சாய்வுப் பாடத்தையும் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் போதும். பெரிய எஞ்சினைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். கோணம் அறிந்த கையைப் பழகித்தான் பெற முடியும்.