எட்டாத முறிமருந்தும் எட்டக்கூடிய கொழுப்புப் போத்தலும்

எங்கள் பக்கத்தில் வயலுக்கு அடிக்கும் நஞ்சுக்கும் 'மருந்து' என்றுதான் பெயர். 'மருந்து குடிச்சிட்டாராம்' என்று சேதி வந்தால், எந்த மருந்து என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. போர் ஓய்ந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சேதி நிற்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக் களைத்த வீடு, நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து நிற்கும் வீடு என்று அதன் பின்னணிகளை நாவற்குடாவில் இருக்கும் நானும் அறிவேன், படுவான்கரையில் இருப்பவர்களும் அறிவார்கள். காரணங்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. உயிரோடு வைத்தியசாலை வாசலுக்கு வந்து சேர்ந்தவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

இலங்கை இந்த விடயத்தில் ஒரு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது. 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை வீதம், அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 வீதம் குறைந்தது. மிகக் கொடிய பீடைகொல்லிகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்ததே அதற்கு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மனிதரின் துயரம் குறையவில்லை, கைக்கு எட்டிய நஞ்சின் வீரியம் குறைந்தது.

ஆனால் நஞ்சருந்துவோரின் போக்கு மாறியது. பீடைகொல்லியிலிருந்து மாத்திரைகளுக்கு ஆட்கள் நகர்வதை, உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 2012இல் வெளிவந்த ஓர் இலங்கை ஆய்வு காட்டியது. கிளினிக்கில் மாதக்கணக்குக்குத் தரும் பிரஷர் குளிசையும் நித்திரைக் குளிசையும் இல்லாத வீடு இங்கே குறைவு. இந்த இடத்தில்தான் கொழுப்புப் பால்மம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பார்ப்பதற்குப் பால் போலிருக்கும் திரவம் அது. சோயா எண்ணெய், முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுக்கும் கொழுப்பு, கிளிசரின், தண்ணீர் ஆகியவைதான் அதன் கூட்டு. வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு நாளம் வழியாக உணவூட்டுவதற்காக 1960களில் சுவீடனில் உருவானது. 1998இல் அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் கை வைன்பேர்க், பியூபிவகேன் என்ற விறைப்பு மருந்தின் நச்சை இது தாங்க வைக்கிறது என்பதை எலிகளில் கண்டார். 2006இல் இதயம் நின்றுபோன ஒரு மனிதர் இதனால் மீட்கப்பட்டதாக முதல் அறிக்கை வந்தது. கொழுப்பில் கரையும் மருந்து இதயத் தசைக்குள் புகுந்து நிற்கும்போது, இரத்தத்தில் ஏற்றிய கொழுப்புத் துளிகள் அதை இழுத்து ஈரலுக்குக் கொண்டு போகின்றன என்பது விளக்கம். தளர்ந்த இதயத்துக்கு அந்தக் கொழுப்பே எரிபொருளாகிறது என்றும் சொல்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் தடவை ஏற்றுவது 20 வீதப் பால்மத்தில் ஏறக்குறைய 90 மில்லிலீற்றர். சிறிய போத்தல் ஒன்று. கையில் குத்தும் சாதாரண ஊசி வழியாகவே கொடுக்கலாம்.

இதை அற்புத மருந்தென்று எழுதிவிட எனக்கு மனமில்லை. விறைப்பு மருந்தின் நச்சுக்கு இது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. மற்றக் குளிசைகளுக்கோ, 2016இல் கூடி ஆராய்ந்த பன்னாட்டு நிபுணர்கள் ஆதாரம் பலவீனம் என்றுதான் முடிவு செய்தார்கள். மற்ற வழிகள் தோற்ற பிறகு முயன்று பார்க்கும் கடைசிக் கை அது. கணையம் வீங்கலாம், இரத்தப் பரிசோதனை முடிவுகள் பிழைக்கலாம். பிழைத்தவரின் கதை அறிக்கையாக வருகிறது, பிழைக்காதவரின் கதை பெரும்பாலும் வருவதில்லை. எங்கள் நாட்டிலேயே இதற்குப் பாடம் உண்டு. அலரி நஞ்சுக்குக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சாவு குறையும் என்று 2003இல் 401 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. 2008இல் 4,632 பேரைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வில் அந்தப் பயன் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் அதே அலரியில்தான் இருக்கிறது. செம்மறியாட்டின் உடலில் உருவாக்கும் எதிர்ப்புப் புரதத்தை அலரி நஞ்சுக்கு முறிமருந்தாக இலங்கையிலேயே சோதித்தார்கள். முடிவு 2000இல் லான்செற் சஞ்சிகையில் வந்தது. மருந்து பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டு மணி நேரத்தில் இதயத்துடிப்பு சீரானது. பெறாத 32 பேரில் இருவருக்கு மட்டுமே. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்த மருந்து இங்கே இல்லாமல் போனது, விலை கட்டவில்லை. இறப்பு வீதம் மீண்டும் ஏறியதை 2003இல் அதே சஞ்சிகை பதிந்தது. பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் எங்கள் நாட்டு ஏழைகள், பயனை வாங்கக் கூடியவர்கள் வேறு நாட்டவர். அலரி நஞ்சு கிழக்கிலும் குறைவில்லை என்பதை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை நோயாளிகளைப் பற்றி 2013இல் வெளியான கட்டுரை சொல்கிறது. அதற்குக் கொழுப்புப் பால்மம் பதிலாகிவிடும் என்று எண்ணவும் இடமில்லை.

நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பாலம் கடந்தால் போதனா வைத்தியசாலை. ஓட்டோவில் சில நிமிடம். வெல்லாவெளிப் பக்கத்துக் கிராமத்தவருக்கு அந்த வசதி இல்லை. சண்டைக் காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் மருந்து போவதே சோதனைச்சாவடியின் தயவில் இருந்தது. இப்போது சாவடி இல்லை, 1990 அம்புலன்ஸ் இருக்கிறது. அதற்கு அழைக்காமல் உப்புத்தண்ணீரும் சவர்க்காரத் தண்ணீரும் பருக்கி வாந்தியெடுக்க வைத்து நேரத்தைக் கொல்வது இன்னும் நடக்கிறது. அது மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே ஆபத்து. குடித்த போத்தலையோ குளிசை மட்டையையோ கையோடு கொண்டுபோவதுதான் வைத்தியருக்கு உதவும்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துக்கே வைத்தியசாலைகள் திண்டாடின. பிறகு வந்த இமியூனோகுளோபியூலின் மோசடி வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். இப்படிப்பட்ட கொள்வனவு முறைக்குள், அடிக்கடி தேவைப்படாத முறிமருந்துகளைப் பற்றி யார் கவலைப்படுவார்? விறைப்பு ஊசி போடும் ஒவ்வொரு சத்திரசிகிச்சைக் கூடத்திலும் 20 வீதக் கொழுப்புப் பால்மம் காலாவதியாகாமல் இருக்கிறதா, ஆதார வைத்தியசாலைகளில் எந்தெந்த முறிமருந்து எத்தனை பேருக்குப் போதுமானதாக இருக்கிறது என்பவை வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருக்கும் எங்கள் ஊரவர் கேட்கக்கூடிய கேள்விகள். கட்டடத்துக்கு வர்ணம் பூசுவது பற்றி அந்தக் கூட்டங்களில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அலரி முறிமருந்தை மலிவாகத் தயாரிக்க இந்தியாவுடன் சேர்ந்து முயல்வது பற்றி மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் எழுத்தில் கேட்கலாம்.

மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு 1926 என்ற இலக்கம் நாள் முழுவதும் திறந்திருக்கிறது.