பெற்றோர் படிப்பும் பிள்ளை வைத்தியமும்

ஒரு நிமிஷமும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத பிள்ளையைப் பார்த்து, ‘காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவன்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவது வழக்கம். பெரும்பாலும் அது பிள்ளைப் பருவத்துத் துடுக்கே. வயது ஏற ஏறத் தானே அடங்கிவிடும். ஆனால் சில குழந்தைகளிடம் அது அடங்குவதில்லை. எழுதத் தொடங்கிய வரியை அவர்கள் முடிப்பதில்லை. கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும். பென்சில், புஸ்தகம், குடை, செருப்பு ஒவ்வொன்றாய்த் தொலைந்துகொண்டே இருக்கும். வேறு சிலர் துள்ளுவதே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு கனவு காண்பார்கள். இத்தகைய குழந்தைகள் சிலரைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் 1902-ம் வருஷத்திலேயே லண்டனில் பிரசங்கங்கள் செய்தார். கவனக் குறைவும் மிகைத் துடிப்புமான இக்கோளாற்றை இன்று ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்லுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரீட்சை கிடையாது; எக்ஸ்ரே படத்திலும் தெரியாது. பன்னிரண்டு வயதுக்குள் அடையாளங்கள் தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடங்களிலாவது அவை காணப்பட வேண்டும். ஆகவே வைத்தியர் நம்பவேண்டியது பெற்றோரும் உபாத்தியாயரும் சொல்லும் சாட்சியத்தையே. அந்தச் சாட்சியத்தை ஒரு கேள்வித் தாளில் குறித்துத் தரும்படி கேட்கிறார்கள். ‘எப்போதாவது’, ‘அடிக்கடி’, ‘மிக அடிக்கடி’ என்று கட்டங்கள் இருக்கும். இத்தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறந்தவை. பெற்றோரின் படிப்பு இவ்விடத்தில்தான் முதன்முதலாகக் குறுக்கே வந்து நிற்கிறது. ‘ஒரு வேளைச் சோறு உண்பதற்குள் நாலு தடவை எழுந்து ஓடுகிறான், ஐயா’ என்று சொல்லத் தெரிந்த தாய், அக்கட்டங்களில் எதில் கோடு போடுவது என்று தெரியாமல் விழிக்கிறாள். அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் உள்ள விவரம் பத்துக் கட்டங்களில் இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

சிகிச்சைக்கு வருவோம். அமெரிக்காவிலும் கானடாவிலும் ஏழு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள 579 குழந்தைகளைப் பதினான்கு மாத காலம் கவனித்து, 1999-ல் பெரியதோர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு மருந்து மட்டும், சிலருக்கு நடத்தைப் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும், மற்றவர்களை ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியத்துக்கே விட்டார்கள். கோளாற்றின் மூல அடையாளங்களைத் தணிப்பதில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து பயிற்சியைவிட மேலாக இருந்தது. அதனுடன் பயிற்சியையும் சேர்த்ததால் பெரிய லாபம் தோன்றவில்லை.

2002-ல் அதே கணக்கைக் குடும்பவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் சுவாரஸ்யமான விஷயம் வெளிப்பட்டது. அதிகம் படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு, மருந்தும் பயிற்சியும் சேர்ந்தது மருந்தைவிட நல்ல பலன் தந்திருந்தது. குறைவாகப் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் இல்லை. ‘அப்படியானால் படியாதவர்களுக்கு மாத்திரை போதும், பயிற்சி வீண்’ என்று யாரேனும் தீர்ப்புக் கூறிவிடக் கூடும். அவசரப்பட வேண்டாம். அதே கணக்கில், உடலுழைப்புத் தொழிலாளர் குடும்பங்களில் பிள்ளையின் எதிர்த்துப் பேசுதல், சண்டை பிடித்தல் ஆகியவை இரண்டும் சேர்ந்த சிகிச்சையால்தான் மிகுதியாகக் குறைந்தன. உத்தியோகஸ்தர் குடும்பங்களில் அத்தகைய கூடுதல் பலன் காணப்படவில்லை!

அந்தப் பயிற்சி எத்தகையது என்று பார்த்தால் காரணம் ஓரளவு ஊகிக்கலாம். பெற்றோர் 27 கூட்டு வகுப்புகளுக்கும் 8 தனிச் சந்திப்புகளுக்கும் வரவேண்டும். உபாத்தியாயர் தினந்தோறும் ஒரு சீட்டு எழுதி அனுப்புவார். மாலையில் பெற்றோர் அதை வாசித்து அதற்கேற்பப் பரிசளிக்க வேண்டும். வாசிக்கத் தெரிந்தவர்களையும், வேலையை விட்டு வர முடிந்தவர்களையும் மனத்தில் கொண்டு வகுத்த ஏற்பாடு இது. கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு வகுப்பு என்பது ஒரு நாள் கூலி. அவள் வராவிட்டால் ‘அக்கறையில்லாதவள்’ என்று குறிப்பில் எழுதிவிடுவது மிகச் சுலபம்.

இன்னொன்றும் உண்டு. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளின்படி, ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இக்கோளாற்றில் காணும் வேற்றுமையில் ஏறக்குறைய முக்கால் பங்கு பரம்பரையைப் பொறுத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடிவந்த தகப்பனாருக்கும் சிறு வயதில் இதே கோளாறு இருந்திருக்கலாம் அல்லவா? பிரம்படிக்குத் தப்பி ஓடியவரிடமே போய், ‘நீர் படிக்காததால் பிள்ளையைக் கவனிக்கவில்லை’ என்று சொன்னால் அது எவ்வளவு கொடுமை!

படித்தவர்கள் வீட்டிலும் எல்லாம் நேராக இல்லை. பந்துக்களுக்குத் தெரியாமல் மறைப்பது, கோளாறு என்று தெரிந்த பின்னும் ஒன்றுக்கு மூன்றாக டியூஷன் வைப்பது, இரவில் எதையோ வாசித்துவிட்டு மறுநாள் வைத்தியரைக் கேளாமலே மருந்தை நிறுத்துவது இவையெல்லாம் படிப்பினால் வரும் சங்கடங்கள். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியோ இரண்டு வகை வீட்டிலும் பேதமின்றி ஆட்சி புரிகிறது.

ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கு மருந்துக்கு முன் பெற்றோர் பயிற்சியே தரவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். அப்பயிற்சியின் சாரத்துக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. ஒரு சமயத்தில் ஒரே வேலையைச் சொல்லுவது. அருகில் சென்று முகத்தைப் பார்த்துச் சொல்லுவது. செய்தவுடனே, நாளைக்கென்று ஒத்திப்போடாமல், பாராட்டுவது. தவறினால் நேற்று என்ன விளைவோ அதுவே இன்றும் என்று கோபமின்றி நிற்பது. இவற்றைப் பாட்டியும் செய்யலாம். செய்துகாட்டினால் யாரும் கற்றுக்கொள்ளலாம். தினச் சீட்டுக்குப் பதில் உபாத்தியாயர் பச்சை அல்லது சிவப்புக் காகிதத் துண்டு ஒன்று கொடுத்தனுப்பினால் போதாதா? வகுப்பை வேலை நேரத்துக்குப் பிறகு வைத்தால் தகப்பனாரும் வருவார். அதுவரையில், ஆஸ்பத்திரியில் கேள்வித் தாள் நீட்டப்படும் தாய்மார்கள் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி தயங்காமல் கேட்கலாம். பதிலைத் தம் சொந்த வார்த்தைகளிலேயே சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யலாம்.