ஒரே பெயரில் இரண்டு உணவகங்கள்

பசித்து வந்த பிரயாணி ஒருவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்று இருமருங்கும் நோக்குகிறார். முன்னொரு தடவை இவ்வூரில் உண்ட உணவின் ருசி அவர் நாவில் இருக்கிறது. கடையின் பெயரும் ஏறக்குறைய நினைவிருக்கிறது. ஆனால் அப்பெயரைத் தாங்கிய பலகைகளோ இரண்டு. ஒன்றில் பெயருக்கு முன்னால் 'புதிய' என்னும் சொல் கடுகளவு எழுத்தில் ஒளிந்திருக்கிறது. மற்றதில் 'ஒரிஜினல்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. (இச்சொல்லை எழுதிக்கொள்ள வேண்டிய நிலை பெரும்பாலும் உண்மையான பழைய கடைக்கே ஏற்படுகிறது என்பது ஒரு வேடிக்கை.) ஏதோ ஒன்றில் நுழைந்து உண்கிறார். உணவு நன்றாயில்லை எனின், கை கழுவும்போது அந்தப் பெயரை வைகிறார். காசு ஒரு கடைக்கும் வசவு மற்றொரு கடைக்குமாகப் போய்ச் சேருகிறது.

தறியையும் நிலத்தையும் நம்பிப் பிழைக்கும் நமக்கு உணவகக்காரர்களின் பூசல் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். சேலையை விரித்துப் பார்த்து வாங்கலாம். மஞ்சளை முகர்ந்து பார்க்கலாம். உணவகத்திலோ உண்ட பின்னரே தரம் தெரியும். ஆதலால் அங்கே வாடிக்கையாளர் பெயரை நம்பியே படியேறுகிறார். பெயரின் மதிப்பு என்ன, அது யாருக்கு உரியது என்னும் கேள்வி அத்தொழிலில் பளிச்சென்று தெரிவது இதனாலேயே.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நாம் அறியத்தக்கது. இல்லினாய் மாநிலத்தில் மட்டூன் என்பது ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு தம்பதியர் 'பிரிஜிட் குயின்' என்ற பெயரில் ஐஸ்கிரீம் கடை நடத்தி வந்தனர். 1957-இல் உணவுக் கடையும் தொடங்கி, அதற்குப் 'பர்கர் கிங்' என்று பெயரிட்டனர். 1959-இல் அப்பெயரைத் தம் மாநிலத்தில் பதிவும் செய்தனர். நெடுந்தொலைவில் உள்ள புளோரிடாவில் 1953 முதல் அதே பெயரில் ஒரு நிறுவனம் வளர்ந்து வருவதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அந்நிறுவனம் 1961-இல் இல்லினாய் மாநிலத்தில் தன் முதற் கடையைத் திறந்தது. அவ்வாண்டிலேயே தேசம் முழுமைக்குமான பதிவையும் பெற்றது. வழக்கு மூண்டது.

1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிய முடிவு யாதெனில்: தேசியப் பதிவு பெற்ற நிறுவனம் இல்லினாய் முழுவதும் அப்பெயரைப் பயன்படுத்தலாம், ஆனால் மட்டூனைச் சுற்றி 20 மைல் வட்டத்துக்குள் அதனால் நுழைய இயலாது. அறியாமல், நேர்மையாக, அவ்விடத்தில் முந்திப் பெயர் நாட்டியவர்களுக்கு அந்த வட்டம் உரியது. தம்பதியர் தம் ஊரைக் காத்துக்கொண்டனர், மாநிலத்தை இழந்தனர். மாநிலப் பதிவுச் சீட்டு கையில் இருந்தும், கடை எவ்வளவு தூரத்துக்கு அறிமுகமாகியிருந்ததோ அவ்வளவு தூரமே அவர்களுக்கு மிஞ்சியது. இத்தீர்ப்பை நியாயமானதென்றே நாம் கருதுகிறோம். ஆயினும் ஊரோடு நிற்க விரும்பாத சிறு ஸ்தாபனத்துக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது.

பெரியவர் தொடுக்கும் வழக்குகள் அனைத்தும் நியாயமானவை அல்ல. கோலாலம்பூரில் இந்திய வம்சாவளித் தம்பதியர் 1999-இல் 'மெக்கறி' என்ற உணவகத்தைத் தொடங்கினர். மீன்தலைக் கறி முதலியவை அங்கே பரிமாறப்பட்டன. 'மெக்' என்னும் முன்னொட்டு தங்களுடையது என்று கூறி மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2001-இல் வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பலகை வேறு, உணவு வேறு, நாடி வருவோரும் வேறு. ஓர் அசைக்கு ஏகபோக உரிமை இல்லை என்பதே அதன் கருத்து. அவ்வாண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் பெரிய நிறுவனத்தின் மனுவைத் தள்ளியது. கறிச்சோறு உண்ண வந்தவர் பர்கர் கடை என்று எண்ணி ஏமாந்திருப்பார் என நம்புவதற்கு நமக்கும் இயலவில்லை. எட்டாண்டு வழக்காடும் செலவையும் மனவுளைச்சலையும் ஒரு சிறு கடை தாங்கியதே பெரிது.

ஏமாறுபவர் யார் என்பதே இவ்வழக்குகளின் உரைகல். நம் உச்ச நீதிமன்றம் 1962-இல் 'அமிர்ததாரா', 'லட்சுமண்தாரா' என்னும் இரு மருந்துகளின் பெயர்களை ஆராய்ந்தது. இரு பெயர்களையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடும் பண்டிதரை அது அளவுகோலாகக் கொள்ளவில்லை. அரைகுறை நினைவுடன் கடைக்கு வரும் சாமானியரையே கொண்டது. பெயர்கள் மயக்கம் தருவனவே என்று கண்டது. எனினும் முதலாமவர் நெடுங்காலம் அறிந்தும் வாளாவிருந்தமையால், இரண்டாமவருக்கு உத்தரப் பிரதேச எல்லைக்குள் மட்டும் பதிவு அனுமதிக்கப்பட்டது. மட்டூனின் வட்டத்தைப் போன்றதே இதுவும்.

உணவகங்களைப் பொறுத்தவரை இந்தியாவில் சட்டம் பிந்தியே வந்தது. 1958-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டம் பண்டங்களுக்கு மட்டுமே பதிவு அளித்தது. சமைத்துப் பரிமாறுவது போன்ற சேவைகளுக்கு அதில் இடமில்லை. 1999-இல் இயற்றி 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த சட்டமே அக்குறையை நீக்கியது. அதற்குள் ஒரே பெயரில் எத்தனையோ கடைகள் வேரூன்றிவிட்டன. புதிய சட்டத்தின் 34-வது பிரிவு, பதிவு செய்தவருக்கும் முன்பிருந்தே இடைவிடாது ஒரு பெயரைப் பயன்படுத்தி வருபவரைக் காக்கிறது. 35-வது பிரிவு, தம் சொந்தப் பெயரையோ தொழில் நடக்கும் இடத்தின் பெயரையோ நேர்மையாக வைத்துக்கொள்பவரைக் காக்கிறது. ஆனால் 33-வது பிரிவைச் சோம்பேறிகள் படிப்பது நலம். பின்வந்தவர் பதிவு செய்து பயன்படுத்துவதை அறிந்தும் தொடர்ந்து ஐந்தாண்டு பேசாதிருந்தவர், அவர் தீய எண்ணத்துடன் பதிவு செய்தார் என்று காட்டினாலொழிய, பிறகு தடுக்க இயலாது.

'உடுப்பி' என்ற சொல்லை எத்தனை உணவகங்கள் தாங்கியிருக்கின்றன! அவ்வூரார் பல நகரங்களுக்கும் சென்று அடுப்பு மூட்டிய உழைப்பால் விளைந்த மதிப்பு அது. அதைத் தனி ஒருவர் கைப்பற்ற எண்ணுவது முறையன்று. அதே சமயம், அவ்வூர்ச் சமையலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர் அப்பெயரை மாட்டிக்கொள்வதும் முறையன்று. ஊர்ப்பெயருக்கு ஒரு வழியும், கடைப்பெயருக்கு மற்றொரு வழியும் வேண்டும்.

நம் சங்கங்களுக்கு இது நேரே பொருந்துகிறது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள் என்பன புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயர்கள் ஒரு கடைக்கோ ஒரு சங்கத்துக்கோ தனிச் சொத்தல்ல. அவ்விடத்தில் அம்முறைப்படி உற்பத்தி செய்வோர் அனைவருக்கும் பொது. ஆயினும் குறியீடு கிடைத்தது என்ற செய்தியோடு காரியம் முடிந்துவிடவில்லை. உற்பத்தியாளர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாத நெசவாளர், போலிச் சேலை விற்பவரைச் சட்டத்தின் முன் நிறுத்தத் தடுமாறுவார். சங்கத்தின் சொந்த முத்திரையோ வேறு. அது சங்கம் இட்ட பெயர். சங்கமே பதிவு செய்யவேண்டியது. அங்கத்தினர் அனைவரும் பயன்படுத்துவதற்கெனக் கூட்டுச் சின்னம் என்னும் ஏற்பாடும் அதே 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு.

பதிவு பத்தாண்டுக்கு மட்டுமே செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். எனவே அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்து முடித்ததும், காரியதரிசியிடம் இரண்டு கேள்விகளை அங்கத்தினர்கள் கேட்கக் கோருகிறோம். நம் துணியிலும் மூட்டையிலும் ஒட்டும் சீட்டில் உள்ள பெயர் பதிவாகியிருக்கிறதா? ஆகியிருப்பின், சங்கத்தின் பெயரிலா, அதை அச்சிட்டுக் கொடுத்த வியாபாரியின் பெயரிலா?