ஒருநாட் செலவு

செலவு என்னும் சொல் இக்காலத்தில் பணத்தைப் பற்றியே நிற்கிறது. பழந்தமிழில் அச்சொல் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லுதலை உணர்த்திற்று. பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் முகம் நோக்கிப் புறப்பாட்டைத் தள்ளிவைத்தலைச் ‘செலவழுங்குதல்’ எனத் தனியே பெயரிட்டு வழங்கினர் முன்னோர். இன்றும் செலவழுங்குவோர் பலர் உளர்; ஆயின் அவர் அழுங்குவது அன்பினால் அன்று. பெட்டியில் வைக்கும் ஆடைகளை எண்ணியும், தங்கும் விடுதிகளை ஒப்புநோக்கியும், மழை வருமோ வெயில் வருமோ என ஐயுற்றுமே அவர்தம் நாட்கள் கழிகின்றன.

முதல்நாள் இரவு வரை எண்ணாத ஒருவர், மறுநாட் காலையில் பொதுப்பேருந்தில் ஏறி வேற்று நாட்டிற்குச் சென்று, மாலையில் இல்லம் திரும்புதல் இத்தகையோர்க்குப் பேதைமையாகவே தோன்றும். சிங்கப்பூரில் வாழ்வார்க்கோ இஃது ஓய்வுநாள் வழக்கம். சிங்கப்பூர் ஒரு தீவு. அதற்கு வடக்கே, ஒடுங்கிய ஜோகூர் நீரிணையின் அக்கரையில், மலேசிய நாட்டின் ஜோகூர் பாரு நகரம் உள்ளது. இரண்டையும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம் இணைக்கிறது. பாலம் என்பது பெயரளவில்தான். உண்மையில் அது கடலில் கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. அதன்மேல் சாலையும் இருப்புப்பாதையும் நீர்க்குழாய்களும் செல்கின்றன.

சிராங்கூன் சாலையில் காலையுணவு முடித்த ஒருவர் சிறிது தொலைவு நடந்தால் குவீன் ஸ்திரீட் பேருந்து நிலையத்தை அடைவார். அங்கிருந்து 170 என்னும் எண்ணுடைய பேருந்து புறப்பட்டு, புக்கிட் தீமா வழியாகவும் கிராஞ்சி வழியாகவும் சென்று, தீவின் வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை அடைகிறது. அங்கே பயணிகள் அனைவரும் தம் உடைமைகளோடு இறங்குதல் வேண்டும். கடவுச்சீட்டைக் காட்டிச் சோதனை முடித்து மீண்டும் கீழே வந்தால், ஏறி வந்த வண்டி பெரும்பாலும் அங்கே இராது. அது போய்விட்டிருக்கும்! பின்னால் வரும் அவ்வெண்ணுடைய வேறொரு பேருந்தில் ஏறியே கடற்பாலத்தைக் கடக்க வேண்டும். அக்கரையில் மீண்டும் இறக்கம், மீண்டும் சோதனை.

புதியவர் திகைப்பது இவ்விடத்தில்தான். வந்த வண்டி போயிற்று. செல்லும் வண்டி வரவில்லை. கையில் இருப்பது கடவுச்சீட்டு ஒன்றே. சுற்றி நிற்போரைப் பார்க்கிறார். சீன மூதாட்டி ஒருவர் காய்கறிப் பையோடு நிற்கிறார். மலாய் இளைஞர் ஒருவர் சுவரில் சாய்ந்து நிற்கிறார். எவர் முகத்திலும் கலக்கம் இல்லை. அடுத்த வண்டி வரும் என்பதில் அவர்க்கு ஐயமே இல்லை. அவ்வாறே வண்டி வருகிறது.

‘எல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வான்’ என்று கூறிப் புறப்படுவோரும் உண்டு. அக்கூற்றில் பிழையில்லை. ஆயின் இறைவன் கடவுச்சீட்டைக் கொண்டுவந்து சோதனைச்சாவடியில் கொடுப்பான் என எதிர்பார்த்தல் பத்தியன்று, சோம்பல். மலேசியாவிற்குள் செல்வோரின் கடவுச்சீட்டு முடிவடைய ஆறு திங்களேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது விதி. அதனை வீட்டிலேயே ஒருமுறை விரித்துப் பார்ப்பதற்கு எத்துணை நேரம் ஆகும்? பள்ளி விடுமுறைகளிலும் திருநாட்களிலும் பாலத்தில் நெரிசல் மிகும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். இவ்விரண்டையும் அறிந்து புறப்படுதலே போதுமான முன்னேற்பாடு. எஞ்சியவற்றை வழியிடமே விட்டுவிடுதல் குற்றம் ஆகாது. கவலையின்மை வேறு, கருத்தின்மை வேறு. முன்னதனைப் பின்னதாகக் கருதி இளைஞரைத் தடுத்து நிறுத்தும் பெரியோர், உலகைக் காணும் எளிய வாயில் ஒன்றை அடைத்துவிடுகின்றனர்.

இனி, அப்பயணியின் நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் துணிவே தம்மைக் கொண்டு சேர்த்தது என அவர் நினைக்கலாம். ஆனால் விடியுமுன் எழுந்து வண்டியை எடுத்த ஓட்டுநர் உறங்கிப்போயிருந்தால் அத்துணிவு என் செய்யும்? சாவடியில் இருக்கும் அலுவலர் பல்லாயிரவர் முகங்களைப் பார்த்த பின்னும் அடுத்தவர் முகத்தைச் செவ்வையாகப் பார்க்கிறார். முன்பின் அறியாத இவர்கள் தத்தம் கடமையில் வழுவாது நிற்பதனாலன்றோ, ஒருவர் ஒன்றும் எண்ணாமற் புறப்பட முடிகிறது! பேர் அறியாத அவர்க்கெல்லாம் பயணி கடன்பட்டவர். ‘நம்பு’ என்னும் சொல் பண்டை இலக்கணத்தில் விருப்பம் என்னும் பொருள் தரும் உரிச்சொல்லாக எண்ணப்பட்டது. விரும்பாத இடத்தில் நம்பிக்கை பிறப்பதில்லை என்பதனை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர் போலும்.

இவ்வழி என்றும் திறந்தே இருந்ததன்று. முன்னாளில் மக்களும் சரக்குகளும் தோணியிலும் படகிலுமே நீரிணையைக் கடந்தனர். 1919இல் கடற்பாலப் பணி தொடங்கிற்று. புக்கிட் தீமாவிலும் புலாவ் உபின் தீவிலும் வெட்டிய கருங்கல் கடலில் இடப்பட்டது. 1923இல் புகைவண்டிகள் ஓடின. 1924 ஜூன் திங்களில் முறைப்படி திறப்புவிழா நடைபெற்றது. பதினெட்டு ஆண்டுகள் கழியுமுன் போர் வந்தது. 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டானியப் படையினர் தாம் அமைத்த பாலத்தின் ஒரு பகுதியைத் தாமே தகர்த்தனர். பகைவரை அது நெடுநாள் தடுக்கவில்லை; பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பின்னர்ப் பாலம் செப்பனிடப்பட்டது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967 முதல் அக்கரைக்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டியதாயிற்று. உறவினரைக் காண ஊர்விட்டு ஊர் சென்றவர், அன்று முதல் நாடுவிட்டு நாடு செல்வோர் ஆயினர்.

இவை பழங்கதை என்று கருதுவார்க்கு 2020ஆம் ஆண்டு நினைவிருக்கும். நாள்தோறும் மூன்று இலட்சம் பேர் வரை கடந்து சென்ற அவ்வெல்லை, பெருந்தொற்றின் காரணமாக மார்ச்சு 18ஆம் நாள் அடைக்கப்பட்டது. முதல்நாள் மாலையில், சிங்கப்பூரில் பணிபுரியும் மலேசியத் தொழிலாளர் கைக்கு அகப்பட்ட துணிகளை மூட்டைகட்டி நள்ளிரவுக்கு முன் பாலத்தைக் கடந்தனர். தங்க இடம் கிடையாத சிலர் இரவில் வெளியிலேயே படுத்துறங்கினர். சில கிழமைகளில் திரும்பலாம் என எண்ணிச் சென்றவர் பலர். பிள்ளைகள் வளர்ந்ததைத் தொலைபேசித் திரையிற் கண்ட தந்தையரும், பெற்றோரின் இறுதிச் சடங்கிற்குச் செல்ல இயலாத மக்களும் அவருள் இருந்தனர். கண்ணுக்கெட்டும் தொலைவில் ஊர், கால் எட்டவில்லை. 2021 நவம்பர் 29ஆம் நாள், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்க்கெனச் சில பேருந்துகள் விடப்பட்டன. பக்கத்திற்கு நாளொன்றுக்கு 1,440 பேர்க்கே அவற்றில் இடம் இருந்தது. 2022 ஏப்ரல் முதல்நாளில்தான் வழி முழுதும் திறந்தது. நினைத்த மாத்திரத்தில் புறப்படுதல் எத்துணை அரிய பேறு என்பதனை, அவ்விரண்டாண்டுகள் காத்திருந்தவரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

ஜோகூர் பாருவில் இறங்கும் தமிழர் பலர் நாடிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. அது இருப்புப்பாதையை அடுத்துள்ள இராஜகாளியம்மன் கோவில். 1922இல் சிறு குடிசையாகத் தோன்றிய அக்கோவில், 2009இல் கண்ணாடிக் கோவிலாக உருப்பெற்றது. சுவரும் தூணும் விதானமும் சிறுசிறு நிறக்கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டுள்ளன. உள்ளே ஒரு விளக்கை ஏற்றினால் எண்ணிறந்த விளக்குகள் தோன்றும். ஒருவர் நின்றால் அவர் உரு சுவரெங்கும் சிதறித் தெரியும். வழிகாட்டி நூலிற் படித்துச் சென்றவரைவிட, வழிகேட்டு ஒரு முடுக்கில் திரும்பித் திடீரெனக் கண்டவர்க்கு அவ்வொளி மிகுதியும் வியப்பளிக்கும். திட்டமிடாத செலவின் ஆதாயம் இஃதே. எதிர்பார்த்துச் சென்றவர் எதிர்பார்த்ததனோடு ஒப்பிட்டுக் குறை காண்பர். எதிர்பாராதவர் கண்டதையெல்லாம் பேறாகக் கொள்வர். நடை சாத்திய வேளையிற் சென்று சேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை. அருகில் ஓர் உணவுக்கடையில் அமர்ந்து தேநீர் பருகி, அவ்வூர்த் தமிழர் மலாய்ச் சொற்களைக் கலந்து பேசும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மாலையில் திரும்பும் வழியும் அதுவே. முறை மட்டும் தலைகீழ். சிங்கப்பூர்ச் சாவடியில் பைகள் ஆராயப்படும். மதுவிற்கும் வெண்சுருட்டிற்கும் தீர்வை விலக்கு இல்லை. 1992 முதல் சூயிங்கம் கொண்டுவருதலும் தடுக்கப்பட்டுள்ளது. ‘ஒரு சிறு பொட்டலந்தானே’ என்று மறைத்து வருவார், காலையில் தம்மை ஐயுறாது வழிவிட்ட அலுவலரை மாலையில் ஏய்க்கிறார். பின்னால் வரிசையில் நிற்பவர் பையும் கவிழ்த்துக் கொட்டப்படுவது அவராலேயே. இரவில் வீடு சேர்ந்தவரை, ‘எங்குச் சென்றிருந்தீர்கள்?’ என்று அண்டை வீட்டார் வினவினால், ‘வெளிநாட்டிற்கு’ என்று விடையிறுப்பார் அரியர். ‘ஜே.பி.க்கு’ என்று கூறிக்கொண்டே, வாங்கி வந்த பலகாரத்தில் ஒரு பங்கை எடுத்து நீட்டுவர்.