பதக்கத்துக்குப் பின் இருபது ஆண்டுகள்

1988 சியோல் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டி, ஃபினிஷ் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்கெல்லாம் ஒரு பாடம். முன்னணியில் வந்த மேட் பியாண்டி, சுவர் நெருங்கியதும் அடுத்த ஸ்ட்ரோக் போடாமல் கைகளை நீட்டியபடி மிதந்து வந்தார். சுரினாம் நாட்டின் ஆந்தனி நெஸ்டி கடைசிவரை வேகம் குறையாமல் வந்து சுவரைத் தொட்டார். நெஸ்டி 53.00 வினாடி, பியாண்டி 53.01. ஒரேயொரு 50 மீட்டர் குளம் இருந்த நாட்டுக்கு அது முதல் ஒலிம்பிக் பதக்கம். நீச்சலில் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவரும் நெஸ்டிதான்.

அந்த நூறில் ஒரு வினாடியைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. பயிற்றுநர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் வந்த ஆண்டுகளை. 1991இல் உலக சாம்பியன் பட்டமும் 1992 பார்சிலோனாவில் வெண்கலமும் வென்ற நெஸ்டி, 1990களின் இறுதியில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்றுநர் கிரெக் டிராய், பள்ளி நாள்களில் நெஸ்டிக்கே பயிற்சி அளித்தவர். ஆடவர் அணியின் தலைமைப் பொறுப்பு 2018இல்தான் நெஸ்டியிடம் வந்தது. மகளிர் அணி 2021இல். ஒலிம்பிக் தங்கம் வென்றவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இன்னொருவரின் கீழ் நின்று தொழில் கற்றிருக்கிறார்.

கற்றதன் பலன் எங்கே தெரிந்தது என்பதுதான் முக்கியம். ஒரு நிமிடத்துக்குள் முடியும் பந்தயத்தில் பெயர் வாங்கியவரின் மாணவர் பாபி ஃபிங்க், டோக்கியோவில் 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டிலும் கடைசி 50 மீட்டரில் பாய்ந்து தங்கம் வென்றார். பாரிஸில் அதே ஃபிங்க் அந்த வழியை விட்டு, தொடக்கத்திலிருந்தே முன்னால் நீந்தி, 14:30.67 என்ற உலக சாதனையோடு 1500 மீட்டரை வென்றார். 2021இல் நெஸ்டியிடம் பயிற்சிக்கு வந்த கேட்டி லெடெக்கி, பாரிஸில் 800, 1500 மீட்டர் தங்கங்களைத் தக்கவைத்தார். நெஸ்டியின் சொந்தப் பந்தயமான 100 மீட்டர் பட்டர்ஃபிளையில், அவரிடம் பயிலும் கனடாவின் ஜோஷ் லியெண்டோ வெள்ளி வென்றார். அதே பாரிஸில் அமெரிக்க ஆடவர் அணியின் தலைமைப் பயிற்றுநராகவும் நெஸ்டியே இருந்தார். அமெரிக்க ஒலிம்பிக் நீச்சல் அணியொன்றுக்கு அப்பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

குறுந்தூர வீரர் தன் உடம்பால் அறிந்தவை ஸ்டார்ட், டர்ன், நீருக்கடியில் டால்ஃபின் கிக், முழு வேகத்தில் சில சுற்று, அதற்கேற்ற நீண்ட ஓய்வு. 1500 மீட்டர் வீரருக்குத் தேவை வேறு: குறைந்த ஓய்வில் நீளும் செட்டுகள், சுற்றுக்குச் சுற்று மாறாத வேகம், வேறு கணக்கில் அமையும் டேப்பர். தனக்குப் பலித்ததையே எல்லாருக்கும் கொடுத்தால் நெடுந்தூர வீரர் தேய்ந்துபோவார்; தன்னைப் போன்ற உடலமைப்பு இல்லாத குறுந்தூர வீரரும் தேங்கிப்போவார். இதைப் பதக்கம் கற்றுத்தராது. வேறொருவர் வகுத்த திட்டத்தை ஸ்டாப்வாட்சும் குறிப்பேடுமாகப் பருவம் பருவமாகப் பின்தொடர்ந்தால்தான் தெரியவரும்.

ஓய்வுபெறும் வீரரை மறுநாளே தலைமைப் பயிற்றுநராக்கும் அவசரம் நம் துறையில் இருக்கிறது. அது அந்த வீரருக்கும் அவரிடம் வரும் பிள்ளைகளுக்கும் செய்யும் தீங்கு. கழகங்களும் கல்லூரிகளும் துணைப் பயிற்றுநர் பணியை, குடும்பம் நடத்தப் போதுமான ஊதியத்தோடு, ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கக்கூடிய பணியாக்க வேண்டும். குறுந்தூர வீரராக இருந்தவரை முதலில் நெடுந்தூரக் குழுவில் அமர்த்த வேண்டும். மூத்த பயிற்றுநர்கள் தங்கள் பருவத் திட்டங்களைப் பூட்டி வைக்காமல், காரணத்தோடு துணைவர்களுக்கு விளக்க வேண்டும். இந்த ஆண்டு ஓய்வை அறிவிக்கும் வீரர்களிடமிருந்தே இதைத் தொடங்கலாம்.