தொகுதி ஏணியன்று

மக்களாட்சியில் வாக்களிப்பவர் தம் குரலை ஓர் உறுப்பினரிடம் ஒப்படைக்கிறார், தானமாகக் கொடுத்துவிடுவதில்லை. ஒப்படைத்த பொருளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உடையவருக்கு எந்நாளும் உண்டு. இந்த எளிய உண்மையை மறந்து, மக்கள் தந்த குரலைத் தம் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்யும் முரசாக்கிக் கொள்ளும் அரசியலாரைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

1998ஆம் ஆண்டு நம் இருங்காட்டுக்கோட்டையின் முகம் மாறிய ஆண்டு. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இவ்வூரில் அமைந்த ஹூண்டாய் தொழிற்சாலை தன் கார் உற்பத்தியை அவ்வாண்டில்தான் தொடங்கியது. அதன்பின் பெங்களூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. மதுரை, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று தென் மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் பிழைப்புத் தேடி இங்கு வந்தனர். இன்று நம் ஞாயிறு திருப்பலிகளில் நம்மோடு நின்று மன்றாடுவோரில் பலர் அவ்வாறு வந்தவர்களே. அவர்கள் விட்டுவந்த மதுரையில் அதே 1998ஆம் ஆண்டு நடந்தது என்ன என்பதை நினைவுகூர்வது நமக்கு நலம் பயக்கும்.

அவ்வாண்டு நடந்த பொதுத்தேர்தலில் மதுரை மக்கள் டாக்டர் சுப்பிரமணியன் சுவாமியை மக்களவைக்கு அனுப்பினர். அ.இ.அ.தி.மு.க. தலைமையிலான கூட்டணியில், பாரதிய ஜனதாவும் உடனிருக்க, ஜனதா கட்சியின் வேட்பாளராக அவர் வென்றார். அடுத்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் தில்லி அசோகா விடுதியில் அவர் அளித்த தேநீர் விருந்தில் செல்வி ஜெயலலிதாவும் திருமதி சோனியா காந்தியும் சந்தித்தனர். நாடெங்கும் நாளேடுகளின் முதற்பக்கத்தை அவ்விருந்து நிறைத்தது. ஏப்ரல் 14 அன்று அ.இ.அ.தி.மு.க. தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என ஒரே ஒரு வாக்கில் வீழ்ந்தது. ஏப்ரல் 26 அன்று மக்களவையே கலைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கென மதுரை தந்த பொறுப்பு பதின்மூன்று மாதங்களில் முடிந்தது.

அந்த நாள்களில் மதுரையின் உறுப்பினர் பெயரை இந்தியா முழுவதும் அறிந்திருந்தது. ஆனால் மதுரையைப் பற்றி இந்தியா எதை அறிந்துகொண்டது? வைகையின் வறட்சியையா, நலிந்துபோன பஞ்சாலைகளின் தொழிலாளர் துயரையா? நாடு அவர் வாயிலாகக் கேட்டவை விருந்தும் பேரமும் கவிழ்ப்புமே. மதுரை மக்களின் வாக்கு மேடைக்கு ஏறும் படியாயிற்று. மேடையில் மதுரைக்கு இடமில்லாமற் போயிற்று.

அவருடைய ஆற்றலை மறுப்பது நம் நோக்கமன்று. ஹார்வர்டில் பொருளியல் கற்பித்தவர் அவர். நெருக்கடி நிலை காலத்தில், 1976 ஆகஸ்டில், தம்மைத் தேடிய காவலரின் கண்ணில் படாமல் மாநிலங்களவைக்குள் நுழைந்து தம் எதிர்ப்பைப் பதிவு செய்து வெளியேறிய துணிவை எவரும் பாராட்டுவர். அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012இல் இரத்து செய்த வழக்கிலும் அவருக்குப் பங்குண்டு. இத்தகைய ஆற்றல் ஒரு தொகுதியின் ஏழை மக்களுக்காகச் செலவிடப்பட்டிருந்தால் எத்துணை நன்மை விளைந்திருக்கும் என்பதே நம் ஆதங்கம். திறமையற்றவர் தொகுதியை மறந்தால் அது குறைபாடு. திறமை மிக்கவர் மறந்தால் அது அநீதி.

இங்கே நம்முள் சிலர் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். குஜராத்தின் டாங் மாவட்டத்தில் 1998 கிறிஸ்து பிறப்பு நாள்களில் ஆலயங்கள் தாக்கப்பட்டதும், 1999 சனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸ் தம் இரு சிறு மைந்தரோடு உயிரோடு எரிக்கப்பட்டதும் அந்த அரசின் காலத்தில்தானே? அது வீழ்ந்ததற்குக் கிறிஸ்தவர் ஏன் வருந்த வேண்டும்? கேள்வி நியாயமானது. எரிக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, தம் தொகுதி மக்களிடம் காரணத்தை விளக்கி, ஓர் உறுப்பினர் அந்த அரசுக்கு எதிராக வாக்களித்திருப்பின் அவரை நாம் வணங்கியிருப்போம். ஆனால் ஆதரவு விலக்கப்பட்டபோது முன்வைக்கப்பட்டவை கடற்படைத் தளபதியின் பதவி நீக்கமும் பாதுகாப்பு அமைச்சரை மாற்றும் கோரிக்கையுமே. அதே ஆண்டு அக்டோபரில் வாஜ்பாய் மீண்டும் பிரதமரானார். 2013இல் டாக்டர் சுவாமி தம் கட்சியைப் பாரதிய ஜனதாவுடன் இணைத்தார். 2016இல் மாநிலங்களவை நியமன உறுப்பினருமானார். கொள்கைக்காகக் கவிழ்த்ததாயின், கவிழ்க்கப்பட்டவரோடே கலந்ததற்கு என்ன பொருள்? நமக்கு உடன்பாடான விளைவைத் தந்தது என்பதற்காக ஒரு செயலை அறமென்று கொள்வது நற்செய்தியின் வழியன்று.

மற்றொரு மறுப்பு கற்றறிந்தோரிடமிருந்து வரும். நாடாளுமன்ற உறுப்பினர் நாடு முழுமைக்கும் உரியவர்; தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் உள்ளாட்சியின் வேலை என்பர். 1774இல் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் எட்மண்ட் பர்க் ஏறத்தாழ இதையே வாதிட்டார்: உறுப்பினர் தம் மனச்சான்றின் தீர்ப்பையும் தொகுதிக்குக் கடன்பட்டவர், தொகுதியின் விருப்பத்துக்கு வெறும் தூதரல்லர் என்றார். ஆனால் பர்க் அதற்குத் தந்த விலையை நாம் மறத்தலாகாது. கத்தோலிக்கர் மீதான கொடிய சட்டங்களைத் தளர்த்தும் முயற்சியையும், அயர்லாந்தின் வணிக உரிமையையும் அவர் ஆதரித்தது பிரிஸ்டல் வணிகருக்குக் கசந்தது. 1780இல் அத்தொகுதியை அவர் இழந்தார். எளியோருக்காகத் தம் தொகுதியையே இழக்கத் துணிந்தவர் அவர். தமக்காகத் தம் தொகுதியை இழப்பவர் அவர் நிழலில் ஒதுங்க இயலாது.

உண்மையில் தொகுதியின் பணியும் நாட்டின் பணியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இதை மற்றெவரையும்விட நம் தொழிற்பகுதி மக்கள் நன்கறிவர். திருப்பெரும்புதூரின் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் வேலையிழந்தனர். அந்த ஆலையின் விதியில் மைய அரசின் வரி வழக்குக்குப் பெரும் பங்கு இருந்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் சென்றனர். நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடிய பின்னரே அவர்கள் வாழும் நிலை உலகுக்குத் தெரிந்தது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர் தம் சங்கத்தை ஏற்கச் சொல்லி முப்பத்தேழு நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வரி, தொழிற்சங்க உரிமை, ஒப்பந்தத் தொழில், புலம்பெயர்ந்தோர் நலம் ஆகிய அனைத்தும் தில்லியின் சட்டங்களோடு பிணைந்தவை. இருங்காட்டுக்கோட்டை விடுதி அறையில் தொடங்கும் ஒரு துயரம் நாடாளுமன்றத்தில்தான் முடிவு காண வேண்டியிருக்கிறது.

அந்த நாடாளுமன்றத்தில் நடந்தது என்ன? 2020 செப்டம்பர் 22, 23 ஆகிய இரு நாள்களில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இரு அவைகளிலும் நிறைவேறின. வேலைநிறுத்தத்துக்கான முன்னறிவிப்பு விதிகள் இறுக்கப்பட்டன. அரசின் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யக்கூடிய ஆலையின் அளவு, நூறு தொழிலாளருக்கும் குறைவு என்பதிலிருந்து முந்நூறு வரை உயர்த்தப்பட்டது. வேளாண் சட்டங்கள் குறித்த மோதலால் எதிர்க்கட்சியினர் பெரும்பாலும் அவையைப் புறக்கணித்திருந்தனர். ஆளுங்கட்சியோ காத்திருக்க மனமின்றி விரைந்தது. நம் தொழிலாளரின் வாழ்வைத் தொடும் சட்டங்கள் அவர்கள் பெயரால் பேசுவோர் இல்லாத அவையில் பிறந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டன. வெளிநடப்பு மறுநாள் நாளேட்டில் படமாக வரும். ஒரு விதிக்குத் திருத்தம் கோரி நள்ளிரவு வரை அவையில் அமர்ந்திருப்பது எந்த ஏட்டிலும் வராது. ஆயினும் தொழிலாளிக்கு வேண்டியது பின்னதே.

இந்நோய் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. பஞ்சாபின் குர்தாஸ்பூர் மக்கள் 2019இல் தேர்ந்தெடுத்த திரைநடிகர் சன்னி தியோலைக் காணவில்லை என்று அத்தொகுதியின் பதான்கோட்டில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அவையிலும் அவர் அரிதாகவே காணப்பட்டார். 2024இல் இரு தொகுதிகளில் வென்ற திரு. ராகுல் காந்தி இரேபரேலியை வைத்துக்கொண்டு வயநாட்டை விட்டார். சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஆனால் சூலை 30 அன்று மலை சரிந்து சூரல்மலையும் முண்டக்கையும் புதையுண்டபோது வயநாட்டுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை. அவர் விரைந்து சென்று ஆறுதல் கூறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் விருந்தினராய் வரும் ஆறுதல் வேறு, பொறுப்பாளராய் உடனிருக்கும் கடமை வேறு.

நம் திருப்பெரும்புதூர் தொகுதியையும் இவ்வளவுகோலால் அளக்கத் தயங்க வேண்டியதில்லை. 2024இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டிருந்த பெருந்தொகுதி இது. மைய அமைச்சராக நாடறிந்த திரு. டி.ஆர். பாலு 2009இல் இங்கு வென்றார். 2014இல் தஞ்சாவூருக்குச் சென்று போட்டியிட்டார். அங்குத் தோற்றபின் 2019இலும் 2024இலும் இங்கு வந்து வென்றார். அவருடைய அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு தொகுதியைப் பயணியர் விடுதியாகக் கருதி, வேட்பாளரை வரவும் போகவும் விடும் கட்சித் தலைமைகளின் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. இங்கு உழைத்துக்கொண்டே வாக்கை வேற்றூரில் வைத்திருக்கும் ஆயிரமாயிரம் தொழிலாளருக்கோ வந்துபோகும் உறுப்பினர்கூட இல்லை.

நல்ல ஆயர் தம் ஆடுகளை அறிவார், அவையும் அவரை அறியும் என்பது நம் ஆண்டவரின் அளவுகோல். நாடு அவரை அறியுமா என்று நற்செய்தி கேட்கவில்லை. தருமம் செய்யும்போது எக்காளம் ஊதுவோர் தம் கைம்மாறைப் பெற்றுவிட்டனர் என்றும் அவர் எச்சரித்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000ஆம் ஆண்டில் அரசியலாரின் பாதுகாவலராக அறிவித்த புனித தாமஸ் மோர், இங்கிலாந்தின் உயர் பதவியை எட்டுமுன் இலண்டன் நகரில் சாதாரண மக்களின் வழக்குகளைக் கேட்டு நீதி வழங்கியவர். பின்னர் மனச்சான்றுக்காகப் பதவியையும் உயிரையும் துறந்தவர். புகழ் அவரைத் தேடி வந்தது; அவர் அதைத் தேடி எளியோரைக் கடந்து செல்லவில்லை.

ஆகவே பொதுநிலையினராகிய நம் கடமை தெளிவானது. தேர்தல் காலத்தில் நம் அன்பியங்களுக்கு வாக்குக் கேட்டு வருவோரிடம் கோயில் சுற்றுச்சுவருக்கு நிதி கேட்பதோடு நிறைவடையலாகாது. தொழிலாளர் விடுதிகளை ஆண்டுக்கு எத்தனை முறை பார்ப்பீர்கள், புதிய சட்டத் தொகுப்புகளில் எந்த விதிக்குத் திருத்தம் கோருவீர்கள், அவையில் கேட்ட வினாக்களின் பட்டியலை எங்கள் கையில் தருவீர்களா என்று கேட்போம். வாக்குரிமை இங்கில்லாத வடமாநிலத் தொழிலாளிக்காகவும் சேர்த்தே கேட்போம். அவருக்காகக் கேட்பதால் எந்த வேட்பாளருக்கும் ஒரு வாக்கும் கூடாது என்பதாலேயே அந்தக் கேள்வி உறுப்பினரின் உள்ளத்தை உள்ளபடி காட்டும்.

மதுரை மக்கள் 1999இல் தங்கள் விடையைத் தந்தனர். எளிமைக்குப் பெயர்பெற்ற திரு. பி. மோகனைத் தேர்ந்தெடுத்தனர்; 2004இலும் அவரையே தேர்ந்தெடுத்தனர். தில்லியின் விருந்துகளில் அவர் பெயர் அடிபட்டதில்லை. மதுரையின் தெருக்களில் அது இன்றும் அன்போடு சொல்லப்படுகிறது. நாடறிந்த உறுப்பினர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம்மை அறிந்த உறுப்பினர் வேண்டும் என்கிறோம். நம்மை அவர் அறிந்தால், அவர் வழியாக நாடும் நம்மை அறியும்.