வாயிருக்க இசைவட்டு ஏன்?



நம் பள்ளிகளிலும் விழா மேடைகளிலும் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கின்றது. ஒலிக்கின்றது என்று சொல்லலாம். பாடப்படுகின்றது என்று எல்லா இடத்தும் சொல்வதற்கில்லை. ஒலிபெருக்கி பாடுகின்றது, பிள்ளைகள் வாய்மூடி நிற்கின்றனர். தாயை வாழ்த்தப் பெற்ற பிள்ளைக்கு வாயில்லை, பொறிக்கு வாயிருக்கின்றது!

2021 திசம்பர் 17ஆம் நாள் தமிழ்நாட்டரசு அவ்வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தது. முல்லைப்பாணிப் பண்ணில், மூன்றன் நடையில், 55 நொடிகளில் பாடுதல் வேண்டும் என்றது. இசைவட்டைச் சுழலவிடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாய்ப்பாட்டாகப் பாடுதல் வேண்டும் என்றும் கூறியது. நல்ல ஆணை, வரவேற்கின்றோம். ஆயின் ஒன்று வினவுகின்றோம்: பயிற்சி தருவார் யார்? திருச்சுழி வட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பண்ணும் நடையும் சொல்லித்தர ஆளெங்கே?

ஆளில்லாததன் விளைவைக் கண்டோம். 2024 அத்தோபர் 18ஆம் நாள், சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் நடந்த இந்தித் திங்கள் விழாவில், ஆளுநர் முன்னிலையில், வாழ்த்தின் ஓரடி விடுபட்டது. விடுபட்டது எந்த அடி? திராவிடம் என்னுஞ் சொல் அமைந்த அடி! நிலையத்தார் பின்னர் வருத்தம் தெரிவித்தனர். நாடு கொதித்தது, கொதித்தது முறையே. ஆயினும் எண்ணிப் பாருங்கள். அவ்வரங்கில் அமர்ந்திருந்தோர் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே வாய்விட்டுப் பாடிப் பழகியவராக இருந்திருப்பின், அடி விடுபட்ட அந்த நொடியிலேயே அவை முழுதும் அதனை எடுத்துப் பாடியிருக்குமன்றோ? பாடத் தெரிந்த மக்களிடம் ஓரடியை எவரும் களவாட முடியாது. கேட்க மட்டுமே தெரிந்த மக்களிடம் முழுப் பாடலையும் களவாடலாம்.

இங்ஙனம் தாய்ப்பாட்டுக்கு ஆசிரியரில்லாத நாட்டில் வேறொன்று மட்டும் தடையின்றி நுழைகின்றது. நகரத்து ஆங்கிலவழிப் பள்ளிகள் சிலவற்றின் விளையாட்டு விழாக்களில் 'சியர்லீடிங்' எனும் ஆரவார ஆட்டம் புகுந்துள்ளது. பளபளக்கும் குஞ்சங்களைக் கையிற் பற்றி, பொருளறியாத ஆங்கில முழக்கங்களைக் கூவி, களத்தின் ஓரத்தில் மாணவியர் ஆடுவதே அது. அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1898ஆம் ஆண்டு தோன்றியது அது. தொடக்கத்தில் அதனைச் செய்தவர் ஆண்மாணவரே. மகளிர்க்குரிய தொழிலாக அது மாறியது பின்னாளில். 2008இல் ஐ.பி.எல். மட்டைப்பந்து வணிகம் அதனை நம் நாட்டு ஆடுகளங்களில் இறக்கியது. வீட்டுத் தொலைக்காட்சி பிள்ளைகளுக்குக் கற்பித்தது. நகரில் நுழைந்தது நாட்டுப்புறம் வர நெடுநாள் ஆகாது.

திருச்சுழி மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சீமைக்கருவேல் வந்த கதையை அவர்கள் அறிவார்கள். அதுவும் அமெரிக்க மண்ணினின்று வந்ததே. வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்றனர். இன்று குண்டாற்றுப் படுகையையும் கண்மாய்களையும் கரிசற் காட்டையும் அது வளைத்து நிற்கின்றது. வந்தது தானாகப் பரவியது. இருந்தது பேணுவாரின்றி அழிந்தது.

களத்தில் வீரரை ஊக்குதல் தமிழர்க்குப் புதிதா? வென்ற வேந்தனின் தேர்முன் ஆடும் முன்தேர்க் குரவையும், தேர்ப்பின் ஆடும் பின்தேர்க் குரவையும் தொல்காப்பியம் வகுத்த துறைகள். அமெரிக்கா என்னும் பெயரே பிறவாத நாளில் நாம் கண்ட முறை அது. இன்றும் நம் தென்பாண்டிச் சிற்றூர்களில் முளைப்பாரி எடுக்கும்போதும் நாற்று நடும்போதும் மகளிர் எழுப்பும் குலவை ஊரெல்லை வரை கேட்கின்றது. அக்குரலுக்குக் குஞ்சம் வேண்டியதில்லை. கூலிப் பயிற்றுநர் வேண்டியதில்லை. கும்மியும் கோலாட்டமும் ஒயிலாட்டமும் இருக்க, இரவல் ஆட்டம் எதற்கு?

சேர்ந்து பாடுதலும் நமக்குப் புதிதன்று. மதுரையில் மாதரி எனும் இடைக்குல முதுமகள் ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்க்கு இட்டுப் பாடி ஆடச் செய்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. அவர்கள் அரண்மனைப் பெண்டிர் அல்லர், ஆமேய்க்கும் குடியினர். அவர்க்கு இசையிலக்கணம் தெரிந்திருந்தது. அவ்வழியில் வந்த நம் பிள்ளைகளுக்கு ஏழிசையின் பெயர்களேனும் தெரியுமா? திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலைச் சுந்தரர் பண்ணோடு பாடினார். ஏழாந் திருமுறையில் அப்பதிகம் உள்ளது. அதனைப் பண்ணோடு பாடவல்ல மாணவர் அவ்வூரிலேயே எத்துணைப் பேர்?

நாம் வெளிநாட்டு முறை அனைத்தையும் வெறுப்பவரல்லர். கிறித்தவக் கோயிலின் குழுப்பாட்டு மேலைநாட்டினின்று வந்ததே. ஆயின் தஞ்சை வேதநாயக சாத்திரியார் போன்றோர் அச்சமயத்தைத் தமிழிசையிலேயே பாடவைத்தனர். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கண்டு, பல குரல்கள் ஒருங்கே இயலும் மேலை முறையைத் தமிழ்ப் பாட்டுக்குப் பொருத்திக் காட்டினார். முறையை வாங்கினர், மொழியை விற்கவில்லை. அதுவே தன்மானமுள்ள கொள்வினை.

"அதுவும் கடும் உடற்பயிற்சிதானே? உலக ஒலிம்பிக்குக் குழுவே 2021இல் ஏற்றுக்கொண்டதே?" என்பார் உளர். உடற்பயிற்சி எனில் நம் பெண்பிள்ளைகள் களத்தின் நடுவில் நிற்கட்டும்; ஓடட்டும்; எறியட்டும்; கவடி ஆடட்டும். பிறர் ஆட்டத்துக்கு ஓரத்தில் நின்று அணிசெய்யும் வேலை அவர்க்கு ஏன்? நாம் பழிப்பது ஆடும் பிள்ளைகளை அன்று. அவர்களை ஆட்டுவிக்கும் வணிக மனத்தையே.

குறைக்கு அரசும் கரணியம். 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் திங்களுக்கு 5,000 உருபா தொகுப்பூதியத்தில் அமர்த்தினர். உடற்கல்வி, ஓவியம், தையல், இசை முதலியன கற்பிக்கும் இவர்கள் பணிநிலைப்புக் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றனர். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பெறுகின்றது, நன்று. ஆயின் திருவிழா சில நாள். பயிர்க்கு நாள்தோறும் நீர் வேண்டும். கலைக்கு மேடையைத் தந்து ஆசிரியரைத் தராமை, வயலுக்கு வரப்பைக் கட்டி விதையை மறத்தல் போன்றதே.

1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டார் அண்ணாமலையரசர். அரங்கில் தமிழ் ஏறிற்று. பள்ளிக் களத்தில் இன்னும் ஏறவில்லை. ஆகலின் நாம் கேட்பன இவை:

ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் நிலையான இசையாசிரியர் ஒருவர் வேண்டும். அரசு இசைப்பள்ளிகளில் தேவாரமும் குரலிசையும் கற்றுத் தேர்ந்து வேலையின்றி இருப்போரை அப்பணியில் அமர்த்த வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் சேர்ந்திசைக் குழு ஒன்று வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிள்ளைகளே பாடவேண்டும். விளையாட்டு விழாவில் தமிழ் முழக்கமும் தமிழ்க் குரவையும் முழங்க வேண்டும். ஊர்ப் பாட்டிமாரை அழைத்துக் குலவையும் கும்மியும் கற்பிக்கச் செய்தல் வேண்டும்.

பெற்றோரே! அரசு செய்யும்வரை காத்திராதீர். அடுத்த பள்ளி விழாவுக்குச் செல்லுங்கள். இசைவட்டு ஒலிக்கத் தொடங்குமாயின் எழுந்து நின்று, "நிறுத்துங்கள், எம் பிள்ளைகள் பாடட்டும்" என்று கேளுங்கள். பாட அறியாராயின் தலைமையாசிரியரிடம் கரணியம் கேளுங்கள். பிள்ளைகள் பிழையாகப் பாடினும் தாழ்வில்லை. பாடப் பாடப் பிழை தீரும். வாய் மூடிய இனத்தின் மொழி வாழாது.

பாடுக தமிழ்! பாடட்டும் நம் பிள்ளைகள்!